10 பி.எஸ்.ஐ. வரை அடிக்க வேண்டும்: எங்கள் அபார்ட்மெண்ட் வாங்கிய காற்றுப் படகு

படகு நல்ல படகு. காற்றடித்து நிமிரும் அதன் தரை இன்னும் நல்லது. பெட்டியோடு வைத்துக் கொடுக்கும் கால் பம்பு அந்தத் தரைக்கு உதவாது. இந்த மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் நெருங்க நெருங்க மற்ற அபார்ட்மெண்ட்காரர்கள் எனக்குப் போன் போட்டு விசாரிக்கிறார்கள். எத்தனை பேர் உட்காரலாம், மோட்டார் மாட்டலாமா, என்ன விலை, எல்லாம் கேட்கிறார்கள். தரைக்கு எத்தனை பி.எஸ்.ஐ. (டயருக்குச் சொல்வோமே, அதே காற்றழுத்த அளவு) அடிக்க வேண்டும், எதை வைத்து அடிப்பது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. இந்தப் படகின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

எங்கள் கட்டிடம் வேளச்சேரியில், ஏஜிஎஸ் காலனிக்குப் பக்கம். 24 வீடுகள், கீழே தூண் நிறுத்திய கார் பார்க்கிங். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஊருக்குள் ஆட்களை மீட்டதை இந்த ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் அதே தண்ணீர், படகுக்காக அதே காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில் எங்கள் இரண்டாம் மாடிப் பாட்டிக்கு இன்சுலின் தீர்ந்துபோனது. தண்ணீர் வடிந்து பொதுக்குழு கூடியபோது நமக்கென்று ஒரு சின்னப் படகு வேண்டும் என்று முடிவானது. வீட்டுக்கு 5,000 ரூபாய் போட்டோம். நான் அசோசியேஷன் செக்ரட்டரி. பிழைப்புக்குப் பிளஸ் டூ பிசிக்ஸ் எடுக்கிறேன். அதனால் எது வாங்குவது என்று பார்க்கும் பொறுப்பு என் தலையில் வந்தது. சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டேன்.

கம்பெனிப் பெயரை இங்கே எழுதவில்லை. இதே அமைப்பில் படகுகள் பல லேபிள்களில் வருகின்றன. எந்த லேபிள் ஒட்டியிருந்தாலும் பார்க்க வேண்டியவை ஒன்றுதான். கீழே சொல்லும் குறைகளில் சில, விற்ற கடை ஆட்களைச் சேர்ந்தவை. அவர்களை ஊரறிய இழுப்பதில் எனக்கு விருப்பமில்லை.

இந்த வகை டிங்கியில், அதாவது சின்னக் காற்றுப் படகில், தரைக்கு மூன்று வழி உண்டு. குறுக்கே மரச்சட்டம் போட்டது, அலுமினியப் பலகை பொருத்தியது, காற்றடித்த தரை. மரச்சட்டம் மலிவு, ஆனால் சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி இருக்கும். வயதானவர்கள் கால் வைக்கத் தடுமாறுவார்கள். அலுமினியம் உறுதியானது. ஆனால் கனம் அதிகம், துண்டுகளைக் கோத்துப் பூட்டுவதற்குப் பழகிய கை வேண்டும். எங்களுக்கு இருப்பது முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு மூலை. அங்கே சுருட்டி வைத்து, இரண்டு பேர் தூக்கி இறக்க முடிவது காற்றுத் தரைப் படகு மட்டும்தான். நாங்கள் வாங்கியது 2.7 மீட்டர் நீளம், மொத்தக் கனம் 30 கிலோவுக்குள்.

"காத்தடிச்ச தரைன்னா மெத்தை மாதிரி பொதபொதன்னுதானே இருக்கும்?" என்று பொருளாளர் சார் கூட்டத்தில் கேட்டார். நியாயமான சந்தேகம்தான். சாதாரண ரப்பர் படகில் அடியில் வெறும் பையாகத்தான் காற்று இருக்கும். அதிகம் அடித்தால் நடுவில் உப்பி உருண்டுவிடும். இது வேறு கட்டுமானம், ட்ராப் ஸ்டிட்ச் என்பார்கள். பாரிமுனைக் கடையில் வெட்டிய துண்டு ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். மேலே ஒரு பி.வி.சி. ஷீட், கீழே ஒரு ஷீட், நடுவில் நாற்றங்காலில் நாற்று நிற்பதைப் போல நெருக்கமாகப் பாலியஸ்டர் நூல்கள். ஒவ்வொரு நூலும் மேல் ஷீட்டையும் கீழ் ஷீட்டையும் இழுத்துப் பிடித்திருக்கிறது. எல்லா நூலும் ஒரே நீளம் என்பதால், நூல் தாங்கும் வரை எவ்வளவு காற்று போனாலும் தரை உப்ப முடியாது, தட்டையாகவே இறுகும். துண்டை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். நூல்கள் விறைத்து நின்றன, ஒன்றுகூட அறவில்லை.

அந்த நூல்கள் தாங்கும் சுமையை வகுப்பில் கணக்காகவே கொடுத்தேன். 10 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 0.7 பார், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.7 கிலோ தள்ளல். ஒரு சதுர அடிக்கு 650 கிலோ வருகிறது. ஒரு சதுர அடித் தரைக்குள் இருக்கும் நூல்கள் சேர்ந்து அவ்வளவையும் பிடித்து நிறுத்துகின்றன. அதனால்தான் அதன்மேல் ஆள் நின்றாலும் கால் அமுங்குவதில்லை. ஆனால் அந்த 10 இருக்க வேண்டும். பாதி அடித்துவிட்டு அதே உறுதியை எதிர்பார்க்க முடியாது.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். 4 பி.எஸ்.ஐ. வந்ததுமே தரை பார்வைக்கு முழுசாக நிமிர்ந்துவிடும். விரலால் தட்டினால் கெட்டியாகத்தான் தெரியும். பம்பும் அந்த இடத்தில்தான் கனக்கத் தொடங்கும், கை வலிக்கும், போதும் என்று மனசு சொல்லும். கடையில் டெமோ காட்டிய பையனும் அங்கேயே நிறுத்தினான். "ஃபுல் மேடம், இதுக்கு மேலே வேணாம்" என்றான். வால்வுக்குப் பக்கத்திலேயே 0.7 பார் என்று அச்சடித்திருந்ததைக் காட்டி, இன்னும் அடிக்கச் சொன்னேன். அவனுக்குப் பொறுமை இல்லை. உரிமையாளரே வந்துதான் மீதியை அடித்தார்.

4-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் மொட்டை மாடியில் எல்லோரும் பார்க்கும்படி செய்து காட்டினேன். தரையைத் தனியாக எடுத்து, இரண்டு முனைக்கும் கீழே ஒவ்வொரு செங்கல் வைத்து, பாலம்போல நிறுத்தினோம். 4 பி.எஸ்.ஐ.யில் வாட்ச்மேன் நடுவில் ஏறி நின்றதும் தரை நடுவில் வளைந்து சிமெண்டைத் தொட்டது. 10-க்கு ஏற்றிய பிறகு அதே ஆள், அதே இடம். லேசாக ஒரு வளைவு, அவ்வளவுதான். முழங்கையால் தட்டிப் பார்த்தால் சத்தமே வேறாக இருந்தது. மரக்கதவில் தட்டுகிற சத்தம். முட்டி ஆபரேஷன் ஆன பாட்டியைக் கைப்பிடித்து அதன்மேல் நிற்க வைத்தோம். ஒரு காலைத் தூக்கி மறுகாலை வைத்தார். "தரை மாதிரியே இருக்குடி" என்றார். அவருக்காகத்தான் இதை வாங்கியதே.

தண்ணீரில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம் தெரியும். தரை தளர்ந்திருந்தால் ஆள் உட்காரும் இடத்தில் குழிந்து, படகு நடுவில் மடங்கப் பார்க்கும். துடுப்புப் போடுகிற விசை முன்னால் தள்ளுவதில் போகாமல் படகை வளைப்பதில் போகும். தரைக்கு அடியில் முன்னிருந்து பின்னாக ஓடும் கீல் டியூப் ஒன்று உண்டு. இறுகிய தரை மேலிருந்து அழுத்தினால்தான் அந்தக் கீல் கீழே துருத்தி நின்று படகை நேர்கோட்டில் ஓட்டும். தரை தளர்ந்தால் அதுவும் போச்சு. படகு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும்.

இனி பம்பு. பெட்டியில் வந்தது துருத்திபோல மிதிக்கிற பெல்லோஸ் பம்பு. படகின் பக்கச் சுவர்களாக நிற்கும் காற்று டியூப்களுக்கு அது அருமையான சாமான், ஏனென்றால் டியூபுக்குத் தேவை 3.5 பி.எஸ்.ஐ.தான், ஆனால் காற்றின் அளவு அதிகம். எங்கள் படகில் தரைக்குப் போகும் காற்றைப்போல நாலைந்து மடங்கு டியூபுக்குப் போகிறது. பெல்லோஸ் ஒரு மிதிக்கு நிறையத் தள்ளும், குழந்தைகள்கூட மிதிக்கலாம். தரைக்கு வந்தால் கதை மாறுகிறது. காற்று கொஞ்சம்தான், அழுத்தம் மூன்று மடங்கு. 4 பி.எஸ்.ஐ. தாண்டியதும் பெல்லோஸின் துணியே உப்புகிறது. மிதித்த காற்று படகுக்குள் போகாமல் திரும்பிக் காலைத் தள்ளுகிறது. அதன்மேல் ஏறிக் குதித்தால் பம்பு கிழியுமே தவிர, தரை ஏறாது.

ஆகவே நின்றுகொண்டு அடிக்கும் கைப்பம்பைத் தனியாக வாங்கினோம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடைக்காரர்கள் பிஸ்டன் ஓடும் குழாய் பெரிதாக உள்ள பம்பைத்தான் எடுத்துக் காட்டுவார்கள், சீக்கிரம் நிரம்பும் என்று. குழாயின் விட்டம் 10 சென்டிமீட்டர் இருந்தால் பிஸ்டனின் பரப்பு கிட்டத்தட்ட 78 சதுர சென்டிமீட்டர். 10 பி.எஸ்.ஐ.யில் அதைக் கீழே அழுத்த 55 கிலோ விசை வேண்டும். என்னால் அது நிச்சயம் முடியாது. உடம்பு முழுக்கக் கைப்பிடிமேல் சாய்ந்தாலும் கடைசி அங்குலம் இறங்காது. விட்டம் 6 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 28, விசை 20 கிலோ. அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் ஆகும். அடிக்க வேண்டிய எண்ணிக்கை கூடும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு அடியும் உள்ளே போகும். ஒல்லியான பம்பைத் தேர்ந்தெடுங்கள், அல்லது இரண்டு குழாய் உள்ள பம்பில் கடைசியில் ஒன்றை மூடிவிடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

அதேபோல, மேலே இழுக்கும்போதும் கீழே தள்ளும்போதும் காற்றுத் தரும் பம்புகளில் ஒரு சின்ன மூடியோ திருகோ இருக்கும். ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் வேலை செய்யட்டும். கனக்கத் தொடங்கியதும் அதைத் திறந்துவிட்டால் கீழே தள்ளும்போது மட்டும் காற்று போகும், மேலே கை சும்மா வரும். முதுகு தப்பிக்கும். எங்களுடையதில் இந்த மூடி ஒரு கயிற்றில் தொங்குகிறது. எதற்கு என்று துண்டுப் பிரசுரத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்தத் துண்டுப் பிரசுரம் முழுக்கவே மோசம். படம் தெளிவில்லை, எழுத்து பூதக்கண்ணாடி கேட்கும்.

பம்பில் இருக்கும் கேஜைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஊசி அசையவே அசையாது. கெட்டுப்போய்விட்டது என்று கழற்றிவிடாதீர்கள். 5, 6 பி.எஸ்.ஐ. வந்த பிறகுதான் பல பம்புகளில் ஊசி எழுந்து நிற்கும். அது தள்ளும்போது ஒரு எண்ணும் இழுக்கும்போது ஒரு எண்ணும் காட்டும். வால்வில் சொருகித் தனியாகப் பார்க்கிற கேஜ் ஒன்று வாங்கினால் சந்தேகம் தீர்ந்தது. நாங்கள் வாங்கிவிட்டோம், செலவுக்குத் தகுந்த சாமான்.

எலெக்ட்ரிக் பம்பும் எங்களிடம் இருக்கிறது. 12 வோல்ட், இரண்டு கட்டமாக ஓடுவது. முதலில் வேகமாக நிரப்பும். அழுத்தம் ஏறியதும் உள்ளே இருக்கும் பிஸ்டன் வேலையைத் தொடரும். வைத்த எண் வந்ததும் தானே நிற்கும். 10 என்று வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். சத்தம் பெரிய சத்தம், தொடர்ந்து ஓடினால் சூடேறும், நடுவில் ஆறவிட வேண்டும். இதை வாங்கச் சொன்னவர்கள் எல்லோரும் கார் பேட்டரியில் கிளிப் மாட்டி ஓட்டு என்றார்கள். வேளச்சேரியில் மழை எச்சரிக்கை வந்தால் கார் எங்கே இருக்கும் என்று நமக்குத்தான் தெரியும். மேம்பாலத்தின்மேல் வரிசையாக நிற்கும். கரண்டும் நிறுத்தியிருப்பார்கள். பம்பைக் கையில் வைத்துக்கொண்டு பேட்டரிக்கு எங்கே போவது?

வழி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சென்னையில் இன்வெர்ட்டர் இல்லாத அபார்ட்மெண்ட் குறைவு, அதன் பேட்டரியும் பெரும்பாலும் 12 வோல்ட்தான். முதல் மாடிக்கு மேலே இருக்கும் வீட்டு இன்வெர்ட்டரை அணைத்து, எலெக்ட்ரீஷியனை வைத்து முன்கூட்டியே போட்டு வைத்த ஒயரில், ஃபியூஸோடு, சிவப்புக்குச் சிவப்பு கறுப்புக்குக் கறுப்பு என்று பம்பை மாட்டுகிறோம். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்தில் அகர்பத்தி, விளக்கு எதுவும் கூடாது. இன்வெர்ட்டரில் இரண்டு பேட்டரி சேர்த்து 24 வோல்ட் வைத்திருப்பவர்கள் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம், பம்பு கருகிவிடும். இத்தனை ஏற்பாடும் இருந்தாலும் கைப்பம்பு படகோடு சேர்த்துக் கட்டியே இருக்கிறது. வெள்ளத்தில் கடைசியாக நம்ப வேண்டியது அதைத்தான்.

மூன்றாம் மாடியில் என் பழைய மாணவன் ஒருவன் இருக்கிறான், ஐ.டி.யில் வேலை. "மிஸ், இதுக்கு ஏன் இவ்ளோ கஷ்டம், பஞ்சர் கடைக்கு எடுத்துட்டுப் போனா ரெண்டே நிமிஷம்" என்றான். தெருமுனைப் பஞ்சர் கடை அண்ணனிடம் கேட்டபோது அவரே மறுத்துவிட்டார். "டேங்க்ல நூறுக்கு மேல நிக்கிற காத்தும்மா இது. உன் படகு பத்துக்குத்தானே? கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள நூலெல்லாம் பிச்சிக்கும். வேணாம்." பொறுப்பான பதில். நூல்கள் ஓரிடத்தில் அறுந்தால் அந்த இடம் கொப்புளமாக உப்பிவிடும், அதற்கு ரிப்பேர் கிடையாது. கார் டயருக்கு வீட்டில் வைத்திருக்கும் சின்ன கம்ப்ரெஸரைச் சரியான அடாப்டரோடு, 10-ல் நிற்கும்படி வைத்து, கடைசி ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ.க்கு மட்டும் பயன்படுத்தலாம். காலியான தரையை அதனால் நிரப்ப நினைத்தால் மெஷின் சூடாகி நின்றுவிடும்.

அடிக்கிற வரிசை முக்கியம். எங்கள் படகுக்கு இதுதான் ஒத்துவருகிறது. படகை விரித்து, உள்ளே மணல், கல் இல்லாமல் கையால் தடவிப் பார்த்து, காற்றில்லாத தரையை உள்ளே போட்டு, அதன் ஓரங்களை டியூபுக்கு அடியில் செருகிவிட வேண்டும். தரையின் வால்வு அதற்கென்று விட்ட இடத்தில் வந்து உட்கார வேண்டும். கொஞ்சம் விலகினாலும் பிறகு நகர்த்த முடியாது. அடுத்து டியூப்களைப் பாதி அளவுக்கு, வடிவம் நிற்கிற வரை மட்டும் அடிக்க வேண்டும். உட்காரும் பலகை இருந்தால் அப்போதே மாட்டிவிட வேண்டும், டியூப் இறுகிய பின் அது நுழையாது. அதன்பிறகு தரைக்கு முழு 10. தரை விரிந்து டியூபுக்கு அடியில் இறுக்கமாகப் பொருந்தும்போது ஒரு கிறீச் சத்தம் வரும், பயப்பட வேண்டாம். பிறகு டியூபுக்கு மீதியை அடித்து 3.5, கடைசியாகக் கீல். டியூபை முதலிலேயே முழுக்க அடித்துவிட்டால் தரை விரிய இடம் இல்லாமல் ஓரத்தில் சுருங்கி மடிந்து நிற்கும். அந்த மடிப்போடு 10 ஏற்றினால் தையல் ஓரத்துக்குத்தான் கேடு. உங்கள் படகின் குறிப்பில் வேறு வரிசை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

வால்வுக்குள் நடுவில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அழுத்தித் திருகினால் கீழே நிற்கும், மறுபடி அழுத்தித் திருகினால் மேலே வரும். மேலே இருந்தால்தான் காற்றை உள்ளே விட்டு வெளியே விடாது. கீழே இருக்கும்போது அடித்துவிட்டுக் குழாயைக் கழற்றினால் அத்தனை காற்றும் ஒரே சீறலில் போய்விடும். எங்கள் கட்டிடத்தில் யார் அடித்தாலும் முதலில் விரலை வைத்து அந்தப் பொத்தானைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். காற்று இறங்குகிறது என்று சந்தேகம் வந்தால் முதலில் தரையைக் குறை சொல்லாதீர்கள். குழாய் முனை அடாப்டரில் இருக்கும் ரப்பர் வாஷர் போயிருக்கும், அல்லது வால்வின் உதட்டில் ஒரு மணல் துகள் இருக்கும். சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். வால்வே தளர்ந்திருந்தால் அதை முடுக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்பானர் இருக்கிறது, எங்களுக்குப் பெட்டியிலேயே வந்தது.

வெயில் விஷயம் சென்னைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. காலையில் 27 டிகிரியில் தரைக்கு 10, டியூபுக்கு 3.5 அடித்து மொட்டை மாடியில் விட்டுவிட்டால், நடுப்பகலில் உள்ளே காற்று 52 டிகிரிக்குச் சூடாகும்போது தரை 12-ஐத் தொடும், டியூப் 5-க்குப் போகும். தரைக்கு அது பெரிய ஏற்றமில்லை. டியூபுக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றம். வெயிலில் வெடிக்கும் ஒட்டுகள் பெரும்பாலும் டியூபில்தான் வெடிக்கும், காரணம் இந்தக் கணக்குதான். வெயிலில் விடுவதென்றால் டியூபில் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். வெள்ளத்தில் இது தலைகீழ். 35 டிகிரியில் அடித்துக் குளிர்ந்த மழைத் தண்ணீரில் இறக்கினால் தரை 9.3-க்கு இறங்கும், டியூப் 3-க்கு வந்துவிடும். ஓட்டை என்று பதற வேண்டாம். தண்ணீரில் இறக்கிய பிறகு ஒருமுறை கேஜ் வைத்து மறுபடி நிரப்பினால் சரி. அடித்து முடித்த சூடான காற்றும் ஆறும்போது கொஞ்சம் இறங்கும்.

பழகிப் பார்க்கக் கோவளம் முகத்துவாரம் பக்கம் போனோம், அங்கே ஒரு மீனவ அண்ணன் கூட இருந்து பார்த்துக்கொண்டார். எங்கள் தெருத் தண்ணீரும் கடைசியில் அங்கேதான் போகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் கோவளம். அந்த அண்ணன் படகுக்குள் ஏறி, நடுவில் நின்று, குதிகாலால் இரண்டு குத்துக் குத்தினார். "தரை நல்லாக் கீதும்மா. ஆனா எங்க படகு மாரி இத்த எதுலயும் இடிக்காத. கம்பி பட்டா முடிஞ்சிச்சு." அவர் சொன்னதை அப்படியே எல்லோருக்கும் சொல்கிறேன். காம்பவுண்டு சுவரின் மேல் பதித்த கண்ணாடிச் சில், கேட்டின் கூர்முனை, தண்ணீருக்கடியில் கிடக்கும் சைக்கிள், எல்லாம் இதற்கு எமன். வேகமாக ஓடும் தண்ணீரில் இதை இறக்கவே கூடாது. அந்த வேலைக்குப் பேரிடர் மீட்புப் படையும் மீனவர்களும்தான். மின்சாரம் நிறுத்தியதை உறுதி செய்யாமல், லைஃப் ஜாக்கெட் இல்லாமல், எங்கள் படகில் யாரும் ஏற முடியாது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றபோது படகு உண்மையான வேலைக்கு இறங்கியது. பால், மருந்து, குடிதண்ணீர் கேன்கள். பாட்டியைப் படிக்கட்டின் மூன்றாம் படியிலிருந்து நேரே தரையில் கால் வைத்து இறக்கி, மேம்பாலம் ஏறும் இடம் வரை கொண்டுபோய் அவர் மகன் காரில் ஏற்றினோம். தரை அசையவில்லை. அவர் யார் தோளையும் பிடிக்காமல் எழுந்து நின்று இறங்கினார். இந்தத் தரைக்கு நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பதற்கு அந்த இறங்கல் ஒன்றே போதும். படகுக்கு நாலு. கூட வந்த கால் பம்பைத் தரைக்குப் போதும் என்று சொல்லி விற்றதற்கு ஒன்றுக்குமேல் கொடுக்க மாட்டேன்.

குறைகள் இன்னும் சில உண்டு. தரைக்கும் அடித்துணிக்கும் நடுவில் தண்ணீரும் மணலும் போய் உட்காருகின்றன. ஒவ்வொரு முறையும் தரையைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்துத்தான் சுருட்ட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு சுருட்டினால் கறுப்புப் பூஞ்சை பிடித்து நாறும். பை ரொம்பச் சின்னது, தொழிற்சாலையில் மடித்ததுபோல யாராலும் திரும்ப மடிக்க முடியாது. பெரிய தார்பாய்ப் பை தைத்து வாங்கிக்கொண்டோம். எலி கடிக்காமல் இருக்கத் தரையிலிருந்து உயர்த்தி, இரும்பு ஸ்டாண்டில் வைத்திருக்கிறோம். பி.வி.சி. நம் வெயிலில் நாளாக ஆகப் பிசுபிசுத்துப் போகும். வெயிலில் நிரந்தரமாக வைத்திருக்கப் போகிறவர்கள் பணம் அதிகம் போனாலும் ஹைபலான் என்ற, வெயில் தாங்கும் செயற்கை ரப்பர் பூசிய துணியில் செய்ததைக் கேளுங்கள். எங்களைப் போல நிழலில் சுருட்டி வைப்பவர்களுக்குப் பி.வி.சி. போதும்.

ஓட்டை விழுந்தால் பஞ்சர் கடை சொல்யூஷன் இதில் பிடிக்காது. பி.வி.சி.க்கென்று தனிப் பசை இருக்கிறது, ஒட்டிவிட்டு ஒரு முழு நாள் காயவிட வேண்டும், அதுவரை 10 ஏற்றக் கூடாது. அந்தப் பசையை டின் திறக்காமலே தேதி பார்த்து மாற்றிவிடுங்கள், பழசானால் கட்டியாகிவிடும். அடாப்டர் வாஷர்கள் பாரிமுனையில் படகுச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. உங்கள் அடாப்டரைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், வாய் வார்த்தையில் அளவு சொன்னால் பொருந்தாததைத்தான் கொடுப்பார்கள்.